ஆனந்தரங்கப் பிள்ளையும் அவர் கண்ட போர்களும்

புதுச்சேரிப் பெரிய அங்காடியை ஒட்டிச் செல்லும் ரங்கப்பிள்ளை வீதியை இந்நகரில் அறியாதார் இலர். காய்கறிக் கூடையுடன் நாள்தோறும் அவ்வழியே செல்வோருள், அப்பெயருக்குரியவர் யாவர் என்று வினவுவோர் மிகச் சிலரே. அவர் வாழ்ந்த இல்லம் கீழே மரத்தூண்களுடன் நம் நாட்டு முறையிலும், மேலே பிரெஞ்சு முறையிலும் அமைந்து இன்றும் அவ்வீதியிலேயே நிற்கின்றது. இரு நாகரிகங்களுக்கு இடையே வாழ்ந்த ஒருவருடைய வாழ்வுக்கு அவ்வீடே தக்க அடையாளமாகும்.

ஆனந்தரங்கர் 1709ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் சென்னையை அடுத்த பெரம்பூரில் திருவேங்கடம் பிள்ளைக்கு மகனாகத் தோன்றினார். அவருடைய உறவினராகிய நைனியப்ப பிள்ளை புதுச்சேரியில் பிரெஞ்சுக் கும்பினியாரின் தலைமைத் துபாஷியாக விளங்கியமையின், அக்குடும்பம் இங்குக் குடியேறிற்று. அதிகாரத்தின் நிழலில் வாழ்வோர் அதன் வெயிலுக்கும் தப்பார் என்பதை ஆனந்தரங்கர் இளமையிலேயே கண்டார். நைனியப்பர் 1716இல் சிறையிடப்பட்டுப் பொருளெல்லாம் இழந்து, 1717இல் சிறையிலேயே உயிர் நீத்தார். 1726இல் தந்தையாரும் மறைந்தார். இளைஞர் ஆனந்தரங்கர் வாணிகத்தில் தேர்ந்து, ஆனந்தப்புரவி என்னும் கப்பலுக்கு உரியவராய், 1747இல் கவர்னர் துய்ப்பிளேக்ஸ் துரையின் துபாஷிப் பதவியைப் பெற்றார்.

ஆயினும் அவர் புகழ் பதவியால் வந்ததன்று. 1736ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தொடங்கி ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினாரே, அதனால் வந்தது. அரிசி விலை, கப்பல் வரவு, துரையின் முகக்குறிப்பு, வீட்டுச் சடங்கு, சோதிடம், போர் ஆகிய யாவும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து இடம் பெறுகின்றன.

அவரைப் புலவர் பலர் பாடினர். ஆனந்தரங்கன் கோவை தமிழிலும், ஆனந்தரங்க விஜய சம்பு 1752இல் வடமொழியிலும் எழுந்தன. அவற்றில் அவர் வெற்றியும் கொடையும் மிக்க பெருந்தலைவர். புலவர் மரபு அத்தகையது. வகுப்பறையில் கலிங்கத்துப்பரணி படிக்கும் நாமும், போர்க்களத்துப் பிணங்களைக் கொண்டு பேய்கள் கூழ் அடும் பகுதியைச் சந்தத்திற்காகச் சுவைத்து மகிழ்கின்றோம். அப்பிணங்கள் யாருடையவை என்று வினவுவதில்லை. (யானும் வினவியதில்லை.) ஆனால் தம்மைப் பாடிய புலவர்க்குப் பரிசளித்த அக்கையே, இரவில் ஏட்டைப் பிரித்து, வணிகன் கணக்கு எழுதுவது போலப் போரை எழுதியது. எத்தனை குண்டு விழுந்தது, எந்த நாழிகையில் விழுந்தது, யார் வீட்டுச் சுவர் இடிந்தது, யார் ஊரை விட்டு ஓடினார் என்பனவே அவர் நடை.

1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அவர் மகிழ்ந்தார். துரையைப் புகழ்வதிலும் குறை வைக்கவில்லை. தாம் பிறந்த ஊர்ப்பக்கத்து மக்கள் அடைந்த துன்பம் அப்புகழ்ச்சியில் மறைந்து போவதை நாம் மறைத்தல் கூடாது. 1748இல் அதே துன்பம் அவர் வாயிலுக்கு வந்தது. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை ஆங்கிலக் கடற்படைத் தலைவர் பொஸ்காவன் கடலிலும் தரையிலும் புதுச்சேரியை முற்றுகையிட்டார். தீக்குடுக்கைகள் ஊருக்குள் வீழ்ந்தன; குடிகள் பிள்ளைகுட்டிகளுடன் வெளியேறினர். கப்பல்கள் சுட்ட குண்டுமாரியால் வீதியில் சென்ற ஏழைக் கிழவி ஒருத்தி இறந்ததைத் தவிர வேறு பயன் விளையவில்லை என்று ஆங்கிலேயரே பின்னர் எழுதினர். தம் பக்கத்தில் 1065 ஐரோப்பியர் மாண்டதைப் பிரிவு பிரிவாகக் கணக்கிட்ட அவர்கள், அக்கிழவியின் பெயரைக் கேட்டு எழுதினாரில்லை.

அம்முற்றுகையின் நடுவே, செப்டம்பரில், வேதபுரீசுவரர் திருக்கோயில் இடிக்கப்பட்டது. அது சம்பாக்கோயிலை அடுத்து நின்றது. அதனை அகற்ற வேண்டுமென்ற எண்ணம் பல ஆண்டுகளாக நிறைவேறாதிருந்தது. தமிழர் பலர் ஊரை விட்டு நீங்கியிருந்த அந்நாளில் நிறைவேறிற்று. சாதித் தலைவர்கள் ஆனந்தரங்கரிடம் ஓடி வந்தனர். அவர் துரையை எதிர்த்து நிற்கவில்லை. திருவுருவங்களை வேறிடம் கொண்டு செல்லுங்கள் என்றும், உங்களுக்குள் ஒற்றுமையின்மையால் வந்த கேடு இது என்றும் சொல்லி அனுப்பினார். அதே நாளில் மசூதியையும் இடிக்கத் தொடங்கியபோது, சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான் துரையிடம் சென்று, தம் வீரர் அங்கேயே மடிவர் என்று உணர்த்த, அவ்வேலை நிறுத்தப்பட்டது. துப்பாக்கி ஏந்தியவர் சொல் ஏறிற்று. கணக்கேடு ஏந்தியவர் வாய் திறக்கவில்லை. ஆனந்தரங்கர் இரண்டையும் எழுதி வைத்தார். குண்டுகளை ஒன்றுவிடாமல் எண்ணிய அவர், அன்று கோயிலுக்குள் நடந்த அடாத செயல்களை எழுதவும் சொல்லவும் தம்மால் இயலாது என்று விட்டுவிடுகிறார். தமிழர் துயரத்தையும், கிறிஸ்தவர் கொண்ட மகிழ்ச்சியையும் மட்டும் குறிக்கிறார். அம்மகிழ்ச்சி கொண்டோரின் திருச்சபை மரபில் வந்த யான் அவ்விடத்தை வாசிக்குந்தோறும் ஏட்டை மூடி வைக்க நேர்கின்றது.

அதன்பின் அவர் வாழ்வு ஏறி இறங்கியதை விரைந்து கூறலாம். 1750 டிசம்பரில் நாசர்ஜங்கு தம் பக்கத்து நவாபு ஒருவராலேயே சுட்டுக் கொல்லப்பட, புதுச்சேரி அதனை வெற்றியாகக் கொண்டாடிற்று. 1754இல் துய்ப்பிளேக்ஸ் திருப்பியழைக்கப்பட்டார். 1756இல் ஆனந்தரங்கர் பதவி இழந்தார். 1758இல் வந்த லாலி, கீழ்வேளூரில் அந்தணர் சிலரை வேவுகாரர் என்று கூறிப் பீரங்கி வாயில் கட்டிச் சுடுவித்தார். வேவுகாரர் என்னும் ஒரு சொல் போதுமாயிருந்தது. 1760 நவம்பரில், ஆங்கிலேயர் மீண்டும் முற்றுகையிட்டிருந்தபோது, உணவு குறைந்தமையின், வீண்வாய்கள் என்று ஏறக்குறைய 1400 நாட்டு மக்களை லாலி கோட்டைக்கு வெளியே தள்ளினார். ஆங்கிலேயர் அவர்களை அப்பால் செல்ல விடவில்லை. மதிலுக்கும் பாசறைக்கும் நடுவே எட்டு நாள் புல்வேரைத் தின்று கிடந்தனர். பின்னரே ஆங்கிலத் தளபதி கூட் வழிவிட்டார்.

நோயுற்றிருந்த ஆனந்தரங்கர் 1761 சனவரி 12ஆம் நாள், முற்றுகைக்குட்பட்ட ஊரிலேயே காலமானார். நான்கு நாட்களில், 16ஆம் நாள், புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. கோட்டையும் வெள்ளையர் மாளிகைகளும் தகர்க்கப்பட்டன. நாட்குறிப்பேடுகள் தப்பின. 1846இல் கலுவா மோம்ப்ரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கம் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அவர் எழுதிய தமிழோ 1948இல்தான் புதுச்சேரியில் அச்சேறத் தொடங்கிற்று.