குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகர்

நம்ம முருகனோட அப்பன் குதிரை வியாபாரியா வந்த கதை தெரியுமா?

மதுரை பக்கம் திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் பாண்டியனின் அமைச்சர். குதிரை வாங்க அரசன் பொன் கொடுத்து அனுப்பினான். இன்றைய ஆவுடையார்கோயிலான திருப்பெருந்துறையில் சிவனே குருவாக வந்தார். பொன் முழுசும் கோயில் பணிக்கே போச்சு.

ஆவணி மூலத்தன்று ஈசன் நரிகளைக் குதிரையாக்கி ஓட்டி வந்து, கயிறு மாற்றிக் கொடுத்தார். கயிறு கைமாறிட்டா விற்றவனைக் கேட்க முடியாது, அதான் வழக்கம். ராத்திரியே எல்லாம் நரியாச்சு! தண்டனை அமைச்சருக்கு: வைகைச் சுடுமணலில் நிறுத்தினார்கள். வைகை பொங்கியது, அரசன் உணர்ந்தான்.

பதவியை உதறியவர் திருவாசகம் பாடி, தில்லையில் கலந்தார். வேலை போனாலும் அவன் கைவிடல, மக்களே.

சிவாயநம! முருகா சரணம்!