வாத்தியார் வேலையை விட்ட வைத்தியர்

சங்கரன்கோவிலுக்குப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. கோமதி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, கொஞ்சம் புற்றுமண்ணையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். சொறி, சிரங்கு, படை என்று உடம்பில் எது வந்தாலும் அந்த மண்ணைக் குழைத்துப் பூசுவது இந்தச் சீமையின் பழைய வழக்கம். கோவிலுக்குள் இருக்கும் நாகசுனைத் தண்ணீர் பட்டால் தோல் நோய் தீரும் என்பதும் ஜனங்களின் நம்பிக்கை. (நெற்றியில் பூசுவதோடு நிறுத்திக்கொண்டால் நல்லது. வெட்டுக்காயத்திலும் ஆறாத புண்ணிலும் எந்த மண்ணும் படக்கூடாது. மண்ணில் ரணஜன்னிக் கிருமி இருக்கும்.)

மருந்து என்பது கடையில் வாங்கும் சரக்கு அல்ல, மண்ணிலும் மரத்திலும் மலையிலும் இருப்பது என்று பழகிய ஜனங்கள் இவர்கள். மேற்கே பார்த்தால் மலை. அதில் மூலிகை தேடி அலைந்த வைத்தியர்கள் எத்தனையோ பேர்.

அந்தச் சீமையில் பிறந்த ஒருவர் நாட்டு மருந்தை ஊர் ஊராகத் தபாலில் அனுப்பினார். அதில் வந்த பணத்தைக் கொண்டு, யாரும் செய்யத் துணியாத வேறொரு காரியத்தைச் செய்தார்.

அவர்தான் ஆபிரகாம் பண்டிதர்.

சங்கரன்கோவிலுக்குத் தென்மேற்கே உள்ள ஊர் சாம்பவர் வடகரை. இன்று இரண்டு ஊர்களும் தென்காசி மாவட்டத்தில் இருக்கின்றன. அந்த ஊரில் 1859-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி ஆபிரகாம் பிறந்தார். தகப்பனார் பெயர் முத்துசாமி. தாயார் அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம்.

படிப்பில் கெட்டிக்காரப் பிள்ளை. வாத்தியார் ஆகவேண்டும் என்று திண்டுக்கல்லுக்குப் போய்ப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பாடப் புத்தகத்தோடு அவர் நின்றுவிடவில்லை. சடையாண்டி பத்தர் என்பவரிடம் பிடில் கற்றுக்கொண்டார். போட்டோ பிடிக்கவும் பழகினார். எதைக் கண்டாலும் அதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை!

மருந்தின் மேல் இருந்த ஆசைதான் எல்லாவற்றையும் விடப் பெரிது.

சுருளிமலையில் கிடைத்த குரு

கம்பம் பள்ளத்தாக்கின் ஓரத்தில் இருக்கிறது சுருளிமலை. அருவியும் குகைகளும் உள்ள இடம். மூலிகைகளுக்குப் பேர்போன மலை. வாலிபர் ஆபிரகாம் அங்கே போனார். கருணானந்தர் என்ற முனிவரைக் கண்டார். அவரையே குருவாகக் கொண்டார். சித்த வைத்திய நுட்பங்களை அவரிடமிருந்து தெரிந்துகொண்டார்.

கிறிஸ்தவ வாலிபர் மலைச் சித்தரிடம் சீடராவதா என்று அந்த நாளில் சிலருக்கு வியப்பாக இருந்திருக்கலாம். ஆபிரகாம் கடைசிவரையில் கிறிஸ்தவராகவே இருந்தார். குருவையும் கடைசிவரையில் மறக்கவில்லை. எப்படித் தெரியுமா? அவர் தயாரித்த மருந்துக்குப் பெயர் கருணானந்தர் சஞ்சீவி. வைத்தியசாலைக்குப் பெயர் கருணாநிதி. வாங்கிய நிலத்துக்குப் பெயர் கருணானந்தபுரம். எழுதிய நூலுக்குப் பெயர் கருணாமிர்த சாகரம். எதைத் தொட்டாலும் அதில் குருவின் பெயரில் உள்ள கருணை இருந்தது.

அந்தக் காலத்தில் வைத்தியம் கற்பது இலேசான விஷயம் அல்ல. தகப்பன் மகனுக்குச் சொல்வான். குரு சீடனுக்குச் சொல்வார். வெளியே சொன்னால் மருந்து பலிக்காது என்று பயந்து, ஏட்டோடு செத்துப்போனவர்கள் உண்டு. இன்று நிலைமை வேறு. பாளையங்கோட்டையில் 1964-ல் அரசு சித்த மருத்துவக் கல்லூரி ஏற்பட்டது. சங்கரன்கோவில் பிள்ளைகள் பஸ் ஏறிப்போய் அங்கே பட்டப்படிப்பாகவே சித்த வைத்தியம் படிக்கலாம். மலை ஏறிக் குருவைத் தேட வேண்டியதில்லை.

சம்பளமா, மருந்தா?

1882-ல் ஆபிரகாமுக்குக் கல்யாணம் ஆயிற்று. மணமகள் ஞானவடிவு பொன்னம்மாள். பெண்கள் எழுத்துக் கூட்டிப் படிப்பதே அபூர்வமாக இருந்த காலத்தில், பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குப் படித்த பெண்மணி அவர்.

அடுத்த ஆண்டு இருவரும் தஞ்சாவூருக்குப் போனார்கள். அங்கே சீமாட்டி நேப்பியர் பெயரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடம் இருந்தது. கணவன், மனைவி இருவருக்கும் அதிலேயே வேலை. பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரத்தில் மருந்து. நோயாளிகள் வீடு தேடி வரத் தொடங்கினார்கள். நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது.

பள்ளிக்கூட வேலை என்றால் மாதம் பிறந்ததும் சம்பளம் கைக்கு வந்துவிடும். மருந்து அப்படியா? நோயாளி வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. ஒரு மருந்து தவறிப்போனால் இத்தனை நாள் சேர்த்த பேரும் போய்விடும். வளரும் குடும்பத்தை வைத்துக்கொண்டு யார் அந்தப் பக்கம் போவார்கள்?

ஆபிரகாம் போனார். 1890-ல் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு, முழுநேர வைத்தியர் ஆனார். வீட்டில் மனைவியின் சம்மதம் இல்லாமல் இப்படிப்பட்ட காரியம் நடக்காது. பொன்னம்மாள் சம்மதித்தது மட்டுமல்ல, மருந்து வேலையிலும் கணவருக்குத் துணையாக நின்றார். ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த தம்பதிகள் ஒரே வைத்தியசாலையை நடத்தினார்கள்.

நாட்டு வைத்தியர்களைப் பண்டிதர் என்பது அந்நாள் வழக்கம். ஆபிரகாமும் ஆபிரகாம் பண்டிதர் ஆனார்.

தபாலில் போன மருந்து

பழைய முறையில் வைத்தியர் நாடி பார்ப்பார், சரக்குகளை எழுதிக்கொடுப்பார். வீட்டில் இருப்பவர்கள் அதை வாங்கி வந்து, இடித்து, சலித்து, காய்ச்சி எடுப்பதற்குள் நோயாளி பாதி தேறியிருப்பார், அல்லது பாதி போயிருப்பார்! பண்டிதரின் சஞ்சீவி மருந்துகள் தயாராகவே இருந்தன. வாங்கியவுடன் சாப்பிடலாம். தூரத்து ஊர்க்காரர்கள் கடிதம் எழுதினால் மருந்து வீடு தேடி வரும்.

காலமும் அதற்கு இசைவாக இருந்தது. இந்தியத் தபால் இலாகா 1877-ல் வி.பி.பி. முறையைத் தொடங்கியிருந்தது. சாமானை வாங்கிக்கொண்டு தபால்காரரிடமே பணம் கொடுத்துவிடலாம். ரெயில் பாதைகளும் பெருகின. நாட்டின் மற்றப் பாகங்களிலும் இப்படியே மருந்துக் கம்பெனிகள் தலையெடுத்தன. கல்கத்தாவில் டாபர் 1884-லும், பம்பாயில் அமிர்தாஞ்சனம் 1893-லும், மலையாளத்தில் கோட்டக்கல் ஆரிய வைத்தியசாலை 1902-லும் தோன்றின. தஞ்சாவூரில் அந்த வேலையைச் செய்தவர் பண்டிதர். அவருடைய மருந்துகள் இந்தியாவில் பல பாகங்களுக்கும், கடல் தாண்டி இலங்கைக்கும் பர்மாவுக்கும் போயின.

இந்த இடத்தில் ஒரு வார்த்தை. தபாலில் வரும் எல்லா மருந்தும் நல்ல மருந்து என்று எண்ணிவிடக்கூடாது. அந்த நாளில் மருந்து விற்க யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. இன்று சித்த மருந்து தயாரிக்கவும் லைசென்ஸ் வேண்டும். ரசம், பாஷாணம் சேர்ந்த மருந்துகளைப் படித்த சித்த மருத்துவரைக் கேளாமல் தொடவே கூடாது. முகம் வெளுக்கும், உடம்பு பெருக்கும் என்று பெயர் தெரியாத களிம்பையும் லேகியத்தையும் வாங்கிக் கெட்டவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

மருந்துக்கு மூலிகை வேண்டும். அதை எத்தனை நாளைக்குக் காட்டில் தேடுவது? தஞ்சாவூருக்கு வெளியே பண்டிதர் நிலம் வாங்கினார். மூலிகைகளைப் பயிர் செய்தார். அதோடு கரும்பும் பிறவும் போட்டார். பயிர்த்தொழிலிலும் அவருக்குப் பெயர் வந்தது. கருணானந்தபுரம் என்று அவர் வைத்த பெயர் காகிதத்தில் இருந்தது. ஜனங்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றே அழைத்தார்கள். 1909-ல் சர்க்கார் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

பணம் போன வழி

1911-ல் பொன்னம்மாள் காலமானார். சுமார் முப்பது வருஷம் கூட இருந்தவர். பின்னர் பண்டிதர் பாக்கியம்மாளை மணந்தார்.

செல்வம் சேர்ந்திருந்தது. வயதும் 50-ஐத் தாண்டிவிட்டது. மாளிகை கட்டி, சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கலாம். பண்டிதர் அப்படிச் செய்யவில்லை. திண்டுக்கல்லில் தொடங்கிய இசைப் பித்து விடவில்லை. தமிழரின் பழைய இசைக்குக் கணக்கு என்ன, அது எங்கே போயிற்று என்று தேட ஆரம்பித்தார். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்ற சபையை ஏற்படுத்தினார். தஞ்சாவூரில் மாநாடுகள் கூட்டினார். ஒன்றல்ல, இரண்டல்ல, ஏழு மாநாடுகள்! பல ஊர்களிலிருந்து வித்வான்கள் வந்தார்கள். செலவு பண்டிதருடையது. தமிழ்நாட்டுத் தாய்மார்கள் மருந்துக்குக் கொடுத்த காசு, அவர்கள் அறியாமலே, இசைக்குப் போய்ச் சேர்ந்தது.

ஒரு ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரையில் 22 சுருதிகள் என்று பண்டிதர்கள் சொல்லி வந்தார்கள். இவர் 24 என்றார். மருந்துச் சரக்கை நிறுத்துப் பார்ப்பதுபோலச் சுருதியையும் கணக்குப் போட்டுப் பார்த்தார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குப் போய், தம் வீட்டுப் பெண்களைக் கொண்டே இசைத்துக் காட்டினார். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்ல முடியாது. இன்றும் 22 என்பதே பெருவழக்கு. ஆனால் சிலப்பதிகாரத்தில் உள்ள இசைச் செய்திகளை எடுத்துவைத்து, தமிழரின் பழைய இசையை எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி செய்தவர் அவர்தான்.

தேடியதையெல்லாம் எழுதினார். அச்சடிக்க வேறிடம் போகவில்லை. மின்சாரத்தில் ஓடும் அச்சகத்தைத் தஞ்சாவூரில் தாமே நடத்தினார். 1917-ல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூல். மகன் வரகுணபாண்டியன் பிற்காலத்தில் தகப்பனார் வழியில் பழைய யாழை ஆராய்ந்து, 1950-ல் பாணர் கைவழி என்ற நூலை வெளியிட்டார்.

நூல் வந்து இரண்டே வருஷம். 1919-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி பண்டிதர் காலமானார். அவருக்கு வயது 60. மூலிகை வளர்த்த பண்டிதர் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.