எண்களைச் சலித்த சான்றோர்

நெல்லையும் பதரையும் பிரிப்பதற்கு முறம் உண்டு. மாவையும் தவிட்டையும் பிரிப்பதற்குச் சல்லடை உண்டு. எண்களைப் பிரிப்பதற்கும் ஒரு சல்லடை உண்டென்று காட்டியவர் எரட்டோஸ்தனீஸ் என்னும் கிரேக்கப் பேரறிஞர். அவர் மறைந்து இருபத்திரண்டு நூற்றாண்டுகள் கடந்தன. எனினும், அச்சல்லடை இன்றும் பள்ளி மாணவர் கையில் பயின்று வருகிறது.

எரட்டோஸ்தனீஸ் கி.மு. 276ஆம் ஆண்டளவில், வட ஆப்பிரிக்கக் கடற்கரைப் பகுதியில் கிரேக்கர் குடியேறி வாழ்ந்த சைரீன் நகரில் பிறந்தார். இளமையில் ஏதென்ஸ் மாநகர் சென்று கல்வி பயின்றார். அவருடைய புலமையைக் கேள்வியுற்ற எகிப்து மன்னன் மூன்றாம் தாலமி, அவரைத் தன் தலைநகராகிய அலெக்சாந்திரியாவிற்கு வரவழைத்தான். தன் மகனுக்கு ஆசிரியராகவும், உலகப் புகழ்பெற்ற பெருநூலகத்திற்குத் தலைவராகவும் அமர்த்தினான்.

கவிதை, வரலாறு, நிலநூல், வானநூல், கணிதம் ஆகிய பல துறைகளிலும் அவர் நூல்கள் இயற்றினார். ஆயினும், புகழ் வளர்ந்தவிடத்து எள்ளலும் வளர்ந்தது. எத்துறையிலும் முதல்வராகாது இரண்டாமவராகவே நிற்பவர் என்னும் கருத்தில், கிரேக்க நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தாகிய பீட்டா என்பதையே அவருக்குப் பட்டப்பெயராகச் சூட்டினர். அவரோ அதனால் மனந்தளர்ந்தாரல்லர். பேரறிஞராகிய ஆர்க்கிமிடீஸ், தம் கண்டுபிடிப்பு முறைகளை விளக்கும் நூலை இவருக்கே எழுதியனுப்பினார் என்றால், இவர்தம் பெருமைக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோர் எண்ணால் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் எனப்படும். அத்தகைய எண்களைத் தேர்ந்தெடுக்க அவர் கண்ட வழி மிக எளியது. 3 முதலாக ஒற்றை எண்களை வரிசையாக எழுதவேண்டும். 3ஐ நிறுத்தி, அதன்பின் வரும் ஒவ்வொரு மூன்றாம் எண்ணையும் அடித்துவிட்டால், 9, 15, 21 என அதன் மடங்குகள் நீங்கும். அடுத்து 5ஐ நிறுத்தி, முன்பே அடிபட்டவற்றையும் சேர்த்து எண்ணி, ஒவ்வோர் ஐந்தாம் எண்ணையும் அடித்தால், 15, 25, 35 முதலியவை நீங்கும். 7க்கும் இவ்வாறே செய்தல் வேண்டும். 99 வரையில் இம்மூன்று சலிப்புகளே போதும். 24 எண்கள் எஞ்சும். இரட்டை எண்களுள் ஒரே பகா எண்ணாகிய 2ஐயும் கூட்டினால், நூற்றுக்குட்பட்ட பகா எண்கள் 25 ஆகும்.

இச்சல்லடையில் வேறொரு பயனும் உண்டு. 15 இருமுறை அடிபடுகிறது. அது 3, 5 ஆகிய இரண்டற்கும் பொது மடங்கு. 105 வரை எழுதினால், அவ்வெண் மும்முறை அடிபடும். அது 3, 5, 7 ஆகிய மூன்றற்கும் மீச்சிறு பொது மடங்கு. பொதுக் காரணி காண்பதற்கும் பகா எண்களே துணை. 84 என்பது 2, 2, 3, 7 இவற்றின் பெருக்கம். 90 என்பது 2, 3, 3, 5 இவற்றின் பெருக்கம். இரண்டிலும் பொதுவாய் நிற்பவை 2, 3. ஆதலின் மீப்பெரு பொதுக் காரணி 6 ஆகும்.

எண்ணைச் சலித்தவர் உலகத்தையும் அளந்தார். வேனிற்காலத்தின் மிக நீண்ட பகலில், நண்பகல் வேளையில், எகிப்தின் தென்கோடியிலுள்ள சையீன் நகரில் நிழல் விழுவதில்லை. அலெக்சாந்திரியாவிலோ நிழல் விழும். அந்நிழலின் கோணம் முழுவட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என அவர் கண்டார். இரு நகர்க்கும் இடைப்பட்ட தொலைவு 5,000 ஸ்டேடியம் எனக் கொண்டு, உலகின் சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம் எனக் கணித்தார். பின்னர் அது 2,52,000 எனக் கொள்ளப்பட்டது. 60ஆல் மீதியின்றி வகுபடவேண்டியே அவ்வாறு திருத்தினார் என அறிஞர் கருதுவர். 1 முதல் 10 வரையுள்ள எல்லா எண்களாலும் அது வகுபடுவது கண்டு மகிழத்தக்கது.

முதுமையில் அவர்தம் கண்ணொளி மறைந்தது. எண்ணற்ற ஏட்டுச் சுருள்களைக் காத்தவர், அவற்றுள் ஒன்றையும் படிக்க இயலாதவரானார். அத்துயர் பொறாது, உணவை வெறுத்து, கி.மு. 194ஆம் ஆண்டளவில், எண்பது அகவை கடந்த நிலையில் உயிர் நீத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. கேட்பவர் நெஞ்சை உருக்கும் முடிவு அது.

அவர் காத்த நூலகமும் அழிந்தது. அவர் இயற்றிய நூல்களும் சிற்சில பகுதிகளாகவே பிறர் நூல்களில் எஞ்சியுள்ளன. ஆனால், சல்லடை அழியவில்லை. அதனைக் காக்க மாளிகை வேண்டா. பொறுமையுள்ள மாணவன் ஒருவனும் ஒரு தாளும் போதும். இரண்டாமவர் என்று அவரை எள்ளியவர் யாவர் என்பதை உலகம் மறந்தது. எள்ளப்பட்டவரின் பெயரோ, எண் பயிலும் இடந்தோறும் நின்று நிலவுகிறது.