உயிரின் ஊற்றைத் தேடிய அறிஞர் ஹால்டேன்

உயிர் என்பது இவ்வுலகில் எவ்வாறு முதன்முதல் தோன்றியது என்னும் வினாவை இரசாயனத்தின் துணைகொண்டு ஆராயத் துணிந்த முன்னோடிகளுள் ஒருவர், இந்நாட்டுக் குடிமகனாகவே மறைந்தார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவரே ஜே. பி. எஸ். ஹால்டேன்.

1892ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு நகரில் அவர் பிறந்தார். தந்தையார் சுரங்கத் தொழிலாளரைக் கொல்லும் நச்சு வாயுக்களை ஆராய்ந்தவர். சிறுவனையும் உடன் அழைத்துச் சென்று சுரங்கத்தினுள் இறக்கியவர். மகன் பல்கலைக்கழகத்தில் கற்றதோ கணிதமும், பண்டைக் கிரேக்க இலத்தீன் நூல்களும், தத்துவமுமே. விஞ்ஞானத்தில் அவர் ஒரு பட்டமும் பெற்றாரில்லை. மெட்ரிகுலேஷனோடு நின்றுவிட்ட என் போன்றோர்க்கு இச்செய்தி ஒரு தெம்பு.

முதல் உலகப் போரில் காயமுற்று, உடல் தேற இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். போருக்குப் பின் 1923இல் கேம்பிரிட்ஜ் சென்று நொதிகளை ஆராயத் தொடங்கினார். இட்லி மாவு புளிப்பதும், உண்ட சோறு செரிப்பதும் நொதிகளின் வேலையே. நொதி தான் தீர்ந்துபோகாமல் பிற பொருள்களை விரைந்து மாற்றும். அதன் வேகத்தை 1925இல் பிரிக்ஸ் என்பாருடன் சேர்ந்து ஹால்டேன் கணக்கிட்டார். விழாக்காலத்துப் பயணச்சீட்டுச் சாளரத்தை எண்ணிப் பாருங்கள். (இத்தீவில் ரயில் ஓடாவிடினும் அந்தச் சாளரத்தை அறியாதார் இலர்!) வரிசை எத்துணை நீண்டாலும் சாளரத்தில் நிற்பவர் ஒருவரே, அவர் விலக அடுத்தவர் வருவார். அவ்வாறே, பொருளைப் பற்றிய நிலையிலுள்ள நொதியின் அளவு ஏறக்குறைய மாறாது நிற்கும் என்று கொண்டு அவ்விருவரும் அமைத்த சமன்பாடு இன்றும் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகின்றது.

1929இல் உயிரின் தோற்றம் குறித்து ஒரு சிறு கட்டுரை வரைந்தார். ஆதியில் காற்றிலே பிராணவாயு இல்லை. ஆதலால் கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் தடையின்றி நிலத்தையும் நீரையும் தாக்கின. கரியமிலவாயுவும் அமோனியாவும் நீரும் கூடிப் பற்பல பொருள்களாயின. அவற்றை உண்ண எவ்வுயிரும் இல்லாமையால் அவை கடலிலே சேர்ந்து, நீர்த்த ரசம் போன்ற வெங்கரைசல் உண்டாயிற்று. அதிலிருந்தே உயிர் பிறந்தது என்பது அவர் கருத்து. முதலுயிர்கள் பிராணவாயுவின்றி நொதித்தலால் வாழ்ந்தன என்றும் கூறினார். ஓடிக் களைத்த நம் தசைகளும் இன்றுவரை பிராணவாயுவின்றிச் சர்க்கரையைச் சிதைக்கவல்லன அல்லவா? அக்காலத்தில் இதனை வெறுங்கற்பனை என ஒதுக்கினோர் பலர். 1953இல் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர், மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் கலத்தில் அடைத்து மின்பொறி பாய்ச்ச, அமினோ அமிலங்கள் உண்டானபோது பலரும் திரும்பிப் பார்த்தனர்.

பின்வந்த ஆய்வுகள் அவர் கூறிய அனைத்தையும் ஏற்கவில்லை. 2016இல் ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் ஆய்வாளர்கள் இன்றைய நுண்ணுயிர்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, பண்டை நொதிகள் பல இரும்பும் கந்தகமும் சேர்ந்த கருவை உடையன என்றும், ஹைட்ரஜனையும் கரியமிலவாயுவையும் கொண்டு வாழ்ந்த தொல்லுயிரின் இருப்பிடம் கடலடி வெந்நீர் ஊற்றாகலாம் என்றும் கூறினர். ரசம் இன்னும் வழக்கில் உள்ளது. பிராணவாயு இல்லாத தொடக்கம் என்னும் பகுதியோ நிலைத்துவிட்டது.

1957இல் மகாலனோபிஸ் அழைக்க ஹால்டேன் கல்கத்தா வந்தார்; இந்திய உடை பூண்டார்; 1961இல் குடியுரிமை பெற்றார்; 1962இல் புவனேசுவரத்தில் குடியேறினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவில் நடந்த மாநாட்டில் ருஷ்ய அறிஞர் ஓப்பாரினைச் சந்தித்தார். ஓப்பாரின் இதே கருத்தை 1924இலேயே வெளியிட்டிருந்தவர். முந்தியவர் யார் என வழக்காடும் விஞ்ஞானிகள் மலிந்த உலகில், முதன்மை ஓப்பாரினுக்கே உரியது என்று ஹால்டேன் அவையறிய ஒப்புக்கொண்டார். அவருடைய கணக்குகள் அனைத்தினும் இச்செயலையே நான் பெரிதாக மதிக்கின்றேன்.

அப்போதே புற்றுநோய் அவரைப் பற்றியிருந்தது. 1964 டிசம்பர் 1ஆம் நாள் புவனேசுவரத்தில் மறைந்தார். அவர் விருப்பப்படி உடல் எரிக்கப்படவுமில்லை, புதைக்கப்படவுமில்லை. நம் தீவுகளைச் சூழ்ந்த இதே வங்கக் கடலின் மேற்குக் கரையிலுள்ள காக்கிநாடா ரங்கராய மருத்துவக் கல்லூரி மாணவர்க்குப் பாடமாக அளிக்கப்பட்டது.