சார்லஸ் பாபேஜ்

இடர் வந்தபின் வருந்துவோர் உலகிற் பலர். அது மீண்டும் வாராதவாறு வழி தேடுவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலப் பேரறிஞர். அவர் பெயரைக் கேட்டவுடன் கணக்கிடும் பொறியே நம் நினைவிற்கு வரும். எனினும் புகைவண்டியின் காப்பிற்கு அவர் ஆற்றிய தொண்டும் நாம் அறியத்தக்கதேயாம்.

இவர் 1791-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்று, பின்னர் 1828 முதல் 1839 வரை, முன்பு நியூட்டன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவியை வகித்தார். அக்காலத்து அச்சிட்ட கணித அட்டவணைகளிற் பிழைகள் மலிந்திருந்தன. மாலுமிகளோ அவற்றை நம்பியே கலம் செலுத்தினர். மனிதன் தவறினும் பொறி தவறாது எனக் கருதிய பாபேஜ், 1822-ல் கணக்கிடும் பொறியின் சிறு மாதிரி ஒன்றைச் செய்தார். 1827-ல் தந்தையாரும் மனைவியாரும் ஓராண்டிலேயே மறைந்தனர். அத்துயரிலும் அவர் தம் பணியைக் கைவிட்டிலர்.

1830 செப்டம்பர் 15-ஆம் நாள் லிவர்பூல்–மான்செஸ்டர் இருப்புப்பாதை திறக்கப்பெற்ற விழாவிற்குப் பாபேஜும் சென்றிருந்தார். முந்திய நாள்தான் அவருக்கு அறிமுகமான ஹஸ்கிஸன் என்னும் பாராளுமன்ற உறுப்பினர், அவ்விழாவிலேயே 'ராக்கெட்' என்னும் இஞ்சினில் அடிபட்டு மாண்டார். புதிய ஊர்தியின் விரைவைக் கண்டு வியந்தோர் பலர். அதன் இடையூறுகளை நீக்கும் வழியைப் பாபேஜ் ஆராயலானார். இஞ்சினின் முகப்பில், தண்டவாளத்தை ஒட்டி, சாய்வான வலிய சட்டம் ஒன்றைப் பொருத்தவேண்டும் என்பது அவர் கண்ட வழிகளுள் ஒன்று. பாதையிற் கிடக்கும் பொருள் சக்கரத்தின்கீழ்ச் சிக்கினால் வண்டி தடம்புரளும். சட்டமோ அதனைப் பக்கத்தே ஒதுக்கித் தள்ளிவிடும். இதனை அவர் 1838-ல் அமைத்தனர் என்பர். இருபுறமும் வேலியிட்ட இங்கிலாந்துப் பாதைகளில் இதற்குத் தேவை மிகுதியாக இல்லை. வேலியின்றிக் கால்நடைகள் திரிந்த அமெரிக்காவிலோ, ஐசக் டிரிப்ஸ் என்னும் பொறியாளர் 'ஜான் புல்' என்னும் இஞ்சினில் இத்தகைய சட்டத்தை அமைத்தார். அங்கு அது மாடு பிடிப்பான் எனப் பொருள்படும் பெயர் பெற்று, எங்கும் பரவிற்று. நம் நாட்டு இஞ்சின்களின் முகப்பிலும் இவ்வகைக் காப்பினை நாம் காண்கிறோம்.

கிரேட் வெஸ்டர்ன் இருப்புப்பாதையில், வண்டியின் இழுவிசையையும் அதிர்ச்சியையும் ஓடும் காகிதத்தில் எழுதுகோல்களே பதியுமாறு ஒரு தனிப்பெட்டியையும் அவர் அமைத்தார்.

அவருடைய கணக்குப் பொறியோ முற்றுப்பெறவில்லை. ஏறத்தாழ 17,000 பவுன் செலவிட்ட அரசாங்கம் 1842-ல் அதனைக் கைவிட்டது. 1871 அக்டோபர் 18-ஆம் நாள், அக்குறை தீராமலே அவர் உயிர் நீத்தார். ஆயின் அவர் வரைந்து வைத்த மற்றொரு பொறியின் படங்களைக்கொண்டு இலண்டன் அறிவியற் காட்சிச்சாலையார் 1991-ல் அதன் கணக்கிடும் பகுதியைச் செய்து முடித்தனர். அது பிழையின்றிக் கணக்கிட்டது! பயனைத் தாம் காணாதொழியினும், பிறர் நலங்கருதிச் செய்த முயற்சி வீண்போகாது என்பதற்கு அன்னார் வாழ்வே சான்றன்றோ?