மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மாதவன்

குட்டீஸ், தென்காசி கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? உயரம் சுமார் 180 அடி. அதே 180 அடி தள்ளி நின்றால், உச்சியைப் பார்க்க 45 டிகிரி அண்ணாந்தால் போதும். 360 அடி தள்ளிப் போனால்? பாதிதானே, 22.5 டிகிரி என்று அவசரப்படாதீர்கள். கோணம் அப்படிக் குறையாது!

உயரத்தைத் தூரத்தால் வகுத்தால் 0.5. அந்த எண்ணிலிருந்து கோணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இன்று கால்குலேட்டரில் ஒரு பொத்தானை அழுத்தினால் விடை வந்துவிடும். அது இல்லாத காலத்திலேயே இதற்கு வழி சொன்னவர் மாதவன்.

குற்றால மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேரளம்தான் அவர் ஊர். திருச்சூர் அருகே உள்ள இரிஞ்சாலக்குடா பகுதியில் வாழ்ந்ததாகச் சொல்வார்கள். காலம் சுமார் 1340 முதல் 1425 வரை. பராக்கிரம பாண்டியன் தென்காசிக் கோயிலைக் கட்டத் தொடங்கியதற்குச் சற்று முந்தைய காலம்.

கிரகங்கள் எங்கே இருக்கும், கிரகணம் எப்போது வரும் என்று கணிப்பதுதான் மாதவனின் வேலை. அதற்குக் கோணம் துல்லியமாக வேண்டும். அதனால் 24 கோணங்களின் சைன் மதிப்புகளைக் கணக்கிட்டு, எண்களை எழுத்துகளாக மாற்றிச் செய்யுளாகவே எழுதி வைத்தார். மனப்பாடம் செய்ய வசதி!

அவருடைய கோண வழி இதுதான். 0.5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதை மூன்று முறை பெருக்கி (0.5 × 0.5 × 0.5) 3-ஆல் வகுத்துக் கழியுங்கள். ஐந்து முறை பெருக்கி 5-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். ஏழு முறை பெருக்கி 7-ஆல் வகுத்துக் கழியுங்கள். இப்படியே போகலாம். இங்கேயே நிறுத்தினால் சுமார் 0.4635 வரும். டிகிரியாக்க 57.3-ஆல் பெருக்குங்கள். கிட்டத்தட்ட 26.56 டிகிரி! கால்குலேட்டர் சொல்வது 26.57. (விகிதம் 1-க்கு மேல் போனால் இந்த வழி உதவாது.)

45 டிகிரிக்கு விகிதம் 1. அதை இந்த வழியில் போட்டால் பை கிடைக்கும். ஆனால் ஆமை வேகம்! மாதவன் அதற்கும் திருத்தம் கண்டுபிடித்து, பையைப் பத்துத் தசம இடங்களுக்கு மேல் சரியாகச் சொன்னார்.

சோகம் என்னவென்றால், அவர் எழுதியவற்றில் பெரும்பாலானவை தொலைந்துவிட்டன. சீடர்களின் சீடர்கள் காப்பாற்றியதுதான் மிச்சம். அவர்களில் ஜேஷ்டதேவர் 1530 வாக்கில் விளக்கங்களோடு மலையாளத்திலேயே எழுதிவைத்தார். ஐரோப்பாவில் ஜேம்ஸ் கிரிகோரி 1671-இல் இதே தொடரைத் தானாகவே கண்டுபிடித்ததால், அவர் பெயரே அதற்கு நிலைத்தது. 1830-களில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் விஷ் கேரளச் சுவடிகளைப் படித்து எழுதியும், வெகுகாலம் யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

இப்போது பல நூல்களில் அதன் பெயர் மாதவன்-கிரிகோரி தொடர்.