காமராசரும் பள்ளிச் சீருடையும்

தென்பாண்டி நாட்டிலே வாணிகத்தாற் பெயர் பெற்ற ஊர்களுள் விருதுநகர் ஒன்று. அதன் முற்பெயர் விருதுபட்டி என்பது. பருத்தியும் மிளகாயும் எண்ணெயும் பயறு வகைகளும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் அவ்வூரிலே, சிறு வணிகராகிய குமாரசாமி நாடார்க்கும் சிவகாமி அம்மையார்க்கும் 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள் ஓர் ஆண்மகவு பிறந்தது. குலதெய்வத்தின் பெயரால் காமாட்சி என்று பெயரிட்டனர். அன்னையார் அதனை ராசா என்றே அழைத்து வந்தார். இரு பெயரும் ஒன்றாகக் கூடிக் காமராசர் என்று வழங்கலாயிற்று.

காமராசரது அரசியல் வாழ்வு நம் சங்கத்து அன்பர்கள் பலகாலும் கேட்டறிந்ததே. ஆகலின் அதனை ஈண்டு விரித்தெழுதப் புகுந்திலேன். பொதுப் பள்ளிகளிலே பிள்ளைகள் ஒரே வகை உடை உடுத்தல் வேண்டும் என்று கட்டாயப்படுத்துதல் தகுமா என்னும் வினா நம் இல்லங்களிலே அடிக்கடி எழுகின்றது. சீருடை வேண்டும் என்பாரும், அது பிள்ளைகளுக்கு விலங்கு என்பாரும் இருதிறத்தாராய் நின்று வழக்கிடுகின்றனர். இவ்வழக்கைத் தீர்த்தற்குரிய சான்று அப்பெரியார் வாழ்க்கையிலே கிடக்கின்றது என்பது என் கருத்து. அதனை நாடியே அவர் வரலாற்றிற் சில பகுதிகளை எடுத்துரைப்பேன்.

காமராசர்க்கு ஆறு வயதளவில் தந்தையார் காலமானார். அன்னையார் தம் நகைகளை விற்றுக் கிடைத்த பணத்தை ஊரில் ஒரு வணிகரிடம் ஒப்புவித்து, அதன் வட்டியைக் கொண்டு காமராசரையும் அவர் தங்கை நாகம்மையையும் வளர்த்து வந்தார். இத்தகைய குடும்பத்துப் பிள்ளை பள்ளிக்குச் சென்றது எவ்வாறு? திண்ணைப் பள்ளியிலும் ஏனாதி நாயனார் வித்தியாலயத்திலும் தொடக்கத்திற் பயின்ற காமராசர், பின்னர் க்ஷத்திரிய வித்தியாசாலையிற் சேர்ந்தார். அப்பள்ளி 1885இல் நிறுவப்பெற்றது. அதனை நடத்திய முறையை இக்காலத்து இளைஞர் அறிந்துகொள்ளுதல் நன்று. வணிகர் தம் கொள்முதல் விற்பனையிலே மகமை என்று ஒரு சிறு பகுதியைப் பொதுவுக்கு ஒதுக்கினர். இல்லத்துப் பெண்டிர் நாள்தோறும் உலையிடும் முன் ஒரு பிடி அரிசியை வேறு கலத்தில் எடுத்து வைத்தனர். அங்ஙனம் சேர்ந்த அரிசி பொருளாக மாறிப் பள்ளிக்குச் சென்றது. எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் அங்கே கட்டணமின்றிக் கல்வி அளிக்கப்பட்டது. தந்தையை இழந்த காமராசர்க்கு எழுத்தறிவித்தது அந்தப் பிடியரிசியே.

அப்பள்ளியிலே நிகழ்ந்ததாக ஒரு செய்தி வழிவழியாகச் சொல்லப்பட்டு வருகின்றது. விநாயக சதுர்த்தி விழாவுக்கென மாணவர் எல்லாரிடமும் ஒரே அளவான காசு வாங்கப்பட்டது. பூசை முடிந்து பொரியும் பழமும் வழங்குங்கால், பிள்ளைகள் முண்டியடித்து முன்சென்று கை நிறைய வாங்கினர். ஒதுங்கி நின்ற காமராசர்க்குக் கிடைத்தது சிறிதளவே. வீட்டிலே ஏன் என்று கேட்டபோது, காசை எல்லாரிடமும் ஒரு சமமாக வாங்கியவர் பொருளையும் ஒரு சமமாகக் கொடுத்திருத்தல் வேண்டும் என்றும், முட்டி மோதி வாங்குதல் தம் வேலையன்று என்றும் அச்சிறுவர் விடையிறுத்தனராம். பின்னர் வந்த பேரும் புகழும் நோக்கிப் பிறர் புனைந்துரைத்த கதை இஃது என்று சிலர் ஐயுறலாம். ஐயுறுவார் ஐயுறுக. பிற்காலத்தில் அவர் நடத்திய ஆட்சியின் போக்கு இச்செய்தியோடு முற்றும் பொருந்தி நிற்றலை மறுத்தல் அரிது.

வட்டிப் பணம் குடும்பத்துக்குப் போதாமையால் ஆறாம் வகுப்போடு அவர் படிப்பு நின்றது. தாய்மாமனாராகிய கருப்பையா நாடாரின் துணிக்கடையிலே வேலைக்கு அமர்ந்தார். முழக்கோலும் கத்தரியும் கையிற் பிடித்து வேட்டியும் சேலையும் கிழித்துக் கொடுக்கும் தொழில் அது. துணியின் விலை ஏழைக்கு எத்துணைப் பாரம் என்பதைத் துணிக்கடையிலே நிற்பவனைக் காட்டிலும் நன்கறிவார் யார்? கையிலிருக்கும் காசை எண்ணிப் பார்த்து, ஒரு முழம் குறைத்துக் கொள்ளும் தாய்மாரை அந்தச் சிறுவர் கண்டிருத்தல் ஒருதலை.

சில ஆண்டுகளிலே அரசியற் கூட்டங்களில் அவர் மனம் ஈடுபடக் கண்ட உறவினர், அவரைத் திருவனந்தபுரத்திலே மற்றொரு மாமனாரின் மரக்கடைக்கு அனுப்பினர். அவர் கால் வைத்த திருவிதாங்கூர் நாடு, உடையினால் மனிதரைப் பிரித்து வைத்ததிலே தலைசிறந்து நின்ற நாடு. இன்ன சாதியார் இன்ன முறையிலேதான் உடுத்தல் வேண்டும் என்னும் கட்டுப்பாடு அங்கே நெடுங்காலம் இருந்தது. மேலாடை உடுத்தும் உரிமைக்காக நம் முன்னோர் பல்லாண்டு பட்ட துன்பம் எழுத்தில் அடங்காது. 1859ஆம் ஆண்டு சூலைத் திங்களிலேதான் நாடார் குலப் பெண்டிர் மேலாடை உடுத்தலாம் என்று அரசாணை பிறந்தது. அவ்வாணையிலும், உயர் சாதியாரெனப்பட்டோர் உடுக்கும் அதே முறையில் உடுத்தலாகாது என்னும் முள் எஞ்சி நின்றது. ஆணையிட்டு உடுப்பிக்கும் உடையெல்லாம் சமத்துவத்தைத் தரும் என்று எண்ணுவோர் இதனைக் கருதுதல் வேண்டும். உயர்வு தாழ்வைக் காட்டற்கு இட்ட உடைக் கட்டளையும் உண்டு. அதனை மறைத்தற்கு இட்ட உடைக் கட்டளையும் உண்டு. கட்டளை என்னும் பெயரளவில் இரண்டும் ஒன்றே. பயனளவில் ஒன்றற்கொன்று நேர்மாறு.

அதே திருவிதாங்கூரிலே 1924இல் வைக்கம் கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் எல்லாரும் நடத்தற்கு உரிமை கேட்டு அறப்போர் நிகழ்ந்தபோது காமராசரும் அதிற் பங்கு கொண்டார். 1930இல் வேதாரணியத்து உப்புப் போரில் ஈடுபட்டு அலிப்பூர்ச் சிறை புகுந்தார். 1940இல் தமிழ்நாட்டுக் காங்கிரசுக்குத் தலைவரானார். 1941இல் சிறையில் இருக்கும்போதே விருதுநகர் நகரவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, விடுதலையாகி வந்து அப்பதவியைத் துறந்தார். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் மீண்டும் சிறை. வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டு சிறையிற் கழிந்தது. பள்ளியில் விட்ட படிப்பை அவர் தொடர்ந்தது அங்கேதான் என்னலாம்.

1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள் காமராசர் சென்னை மாகாணத்து முதலமைச்சரானார். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் பாதி நாள் பள்ளியிலும் மற்றைப் பொழுதில் தந்தையின் தொழிலிலும் பழகுதல் வேண்டும் என்று 1953இற் கொண்டுவரப்பட்ட திட்டம் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. பள்ளியில்லாத சிற்றூர்களிற் பள்ளிகள் திறக்கப்பட்டன. கட்டணமில்லாக் கல்வி படிப்படியாக உயர்ந்த வகுப்புகளுக்கும் பரவியது. பசித்த வயிற்றோடு பாடம் ஏறாது என்பதனால் 1956இல் எட்டயபுரத்திலே மதிய உணவு தொடங்கப்பெற்றது. சென்னை நகரவையார் ஆயிரம் விளக்குப் பள்ளியில் 1920இலேயே உணவளித்தது உண்டு. ஆயினும் அதனை நாடு முழுதும் கொண்டு சென்றது இவர் ஆட்சியே. அன்று பொதுக்கல்வி இயக்குநராக இருந்தவர் நெ.து.சுந்தரவடிவேலு. முதலமைச்சரின் எண்ணத்தைச் செயலாக்கிக் காட்டிய பெருமையில் அவர்க்கு நேர்பாதி உண்டு.

ஊரில் பள்ளி வந்தது, சோறும் வந்தது. அப்பொழுதும் சில பிள்ளைகள் வாராது நின்றனர். அவர்களைத் தடுத்தது உடை. ஒரே துணியைத் துவைத்துக் காயும்வரை வீட்டிலே ஒடுங்கியிருக்கும் பிள்ளை பள்ளிக்கு எங்ஙனம் வரும்? அரையிற் கோவணத்தோடு கன்று மேய்க்கும் சிறுவனுக்கு ஊருணிக் கரையில் நாணமில்லை. அவனே வெள்ளைச் சட்டையிட்ட பண்ணையார் மகன் பக்கத்தில் உட்காரும்போது கூனிக் குறுகுகின்றான். உடையைப் பார்த்தே இவன் இன்ன தெரு, இன்ன சாதி, இவன் தந்தை இன்ன கூலி என்று வகுப்பு முழுதும் அறிந்து கொள்ளும். உபாத்தியாயரும் மனிதரே, அவர் கண்ணும் நல்லுடையின்மேல் முதலில் விழும். ஆசிரியத் தொழிலிலே இருபதாண்டு கழித்த யான், இது பழங்காலத்துச் செய்தி மட்டுமே என்று சொல்ல மாட்டேன்.

இத்தடையை நீக்குதற்குக் காமராசர் அரசு கைக்கொண்ட வழி, அவர் படித்த பள்ளியை நடத்திய வழியை ஒத்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர்தோறும் கூட்டங்கள் நடைபெற்றன. செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரிலே அவை தொடங்கின. பள்ளிக்கு யாது குறை என்று ஊரார் முன் பட்டியல் வைக்கப்படும். ஒருவர் கரும்பலகை தருவார். ஒருவர் நாற்காலி தருவார். ஓர் ஊரார் கூடிக் கட்டடம் எழுப்புவர். அப்பட்டியலிலே ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடையும் ஒன்றாக இடம் பெற்றது. பிடியரிசி துணியாயிற்று என்றே யான் இதனைக் கருதுகின்றேன். கொடுத்தவர் பெயர் பிள்ளையின் சட்டையில் எழுதப்படுவதில்லை. உடுத்திய பின் கொடுத்தவன் மகனும் வாங்கியவன் மகனும் ஒரே நிறம்.

இவ்விடத்து ஒன்று சொல்லற்பாலது. ஏழைகளுக்கு உடை தருதல் மட்டும் இந்நன்மையை விளைத்து விடாது. இங்கிலாந்திலே கிறைஸ்ட்ஸ் ஆஸ்பிட்டல் என்னும் அறப்பள்ளி 1552இல் தோன்றியது. அங்கே வளர்ந்த ஏழைச் சிறார்க்கு நீண்ட நீல அங்கி வழங்கினர். அதனைப் பின்பற்றிப் பிற ஊர்களிலும் நீல அங்கிப் பள்ளிகள் எழுந்தன. வயிறும் உடம்பும் அதனாற் காக்கப்பட்டன, மெய்யே. ஆனால் வீதியிலே செல்லும் நீல அங்கி, இவன் அறச்சோறு உண்பவன் என்று ஊருக்குப் பறையறைந்தது. ஏழைக்கு மட்டும் ஓர் உடை என்றால் அது முத்திரை. எல்லார்க்கும் ஓர் உடை என்று விதித்து, இல்லாதவனுக்கு அதனைக் கையிற் கொடுத்தால் மட்டுமே அது போர்வை. ஆதலின் கட்டாயமும் வேண்டும், கொடையும் வேண்டும். கட்டாயமின்றிக் கொடுத்தால் வாங்கிய பிள்ளை மட்டும் தனியே தெரிவான். கொடாமற் கட்டாயப்படுத்தினால் அவன் வாயிலிலேயே நின்று விடுவான். இவ்விரண்டாவது தீங்கையே இக்காலத்துப் பள்ளிகள் சில செய்து வருகின்றன. குறித்த கடையிலேதான் வாங்குதல் வேண்டும், கழுத்துப்பட்டையும் காலணியும் வேண்டும், வாரத்தில் ஒரு நாளைக்கு வேறு நிறம் வேண்டும் என்று விதித்து, கூலித் தொழிலாளியின் ஒரு திங்கள் ஊதியத்தை விழுங்கும் உடைக்குச் சமத்துவம் என்று பெயரிடுதல் நகைப்பிற்கிடம்.

சீருடை பிள்ளையின் தனித்தன்மையைக் கெடுக்கும் என்பார்க்கும் காமராசரே விடை. அவர் வாழ்நாள் முழுதும் உடுத்தியது கதர் வேட்டி, தளர்ந்த கதர்ச் சட்டை, தோளில் ஒரு துண்டு. 1966இல் சோவியத்து நாட்டுக்குச் சென்றபோதும் அவ்வுடையை மாற்றினாரில்லை. ஒரே உடையால் அவர் தன்மை தேய்ந்து போயிற்றா? நாட்டிலே அவரைப் போன்ற மற்றொருவரை யார் கண்டனர்? ஆயினும் அவ்வுடை அவர் தாமே விரும்பி ஏற்றது என்று மறுப்போர் சொல்லுவர். அம்மறுப்பு ஓரளவு பொருந்துவதே. பத்து வயதுப் பிள்ளைக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. விழா நாளிலும் விடுமுறை நாளிலும் அவன் விரும்பியதை உடுத்தட்டும். பள்ளிப் பொழுதிலே, தன் விருப்பம் போல உடுத்த வசதியுள்ள பிள்ளையின் உரிமையைக் காட்டிலும், அஃதில்லாத பிள்ளையின் நாணம் என் கண்ணிற் பெரிதாகத் தோன்றுகின்றது.

1963ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் கட்சிப் பணிக்கென முதலமைச்சர் பதவியை அவர் தாமே விட்டார். அனைத்திந்தியக் காங்கிரசுக்குத் தலைவராகி இரு பிரதமர்களைத் தேர்ந்தெடுப்பதிலே முன்னின்றார். 1967இல் தாம் பிறந்த விருதுநகரிலேயே தேர்தலில் தோற்றார். 1969இல் நாகர்கோயில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். 1975ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் சென்னையிலே உயிர் நீத்தார். மணம் செய்து கொள்ளவில்லை. மனை நிலம் தேடவில்லை. சில வேட்டிகளும் சட்டைகளும் நூல்களும் சிறிதளவு பணமுமே அவர் விட்டுச் சென்றவை.

ஊரார் கொடையாகத் தொடங்கிய சீருடை, 1985 முதல் சத்துணவு உண்ணும் பிள்ளைகளுக்கு அரசே தரும் உரிமையாயிற்று. ஆண்டுக்கு ஓரிணை என்றிருந்தது பின்னர்ப் பெருகி, 2012–13ஆம் கல்வியாண்டு முதல் நான்கிணையாக உயர்ந்தது. அதற்குரிய துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் நெய்து தருகின்றன. அதனை வெட்டித் தைத்து முடிப்போர் மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கத்தார். அவர்களுட் பலர் தாம் தைக்கும் சட்டையைத் தம் பிள்ளைகளே உடுத்திச் செல்லக் காண்பவர்.